வசந்தகாலத்தில் செங்குத்தான முகட்டில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடையில் நடந்து பழகி, பனி விலகும் பருவத்தில் முதன்முறையாக ஒரு செங்குத்தான மலைமுகட்டில் ஏறிப் பார்க்க நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் நடையைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறோம். கயிறு கட்டி ஏறும் பாறைகளும் கூடாரம் சுமந்து போகும் பயணங்களும் இதில் வரவில்லை.

அடிவாரத்தில் பூ பூத்துவிட்டது. மேலே பனி போயிருக்கும் இல்லையா?

பெரும்பாலும் போயிருக்காது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. அடிவாரத்தில் 14 டிகிரி இருக்கும் இதமான நாளில், 900 மீட்டர் மேலே ஏறத்தாழ 8 டிகிரிதான் இருக்கும். அதோடு முகட்டில் காற்று சும்மா இருப்பதில்லை. 5 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது உறைநிலைக்கும் கீழான குளிராகவே படும்.

இன்னொன்று, சரிவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது. வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவுகளில் வெயில் சாய்வாகத்தான் விழும். அங்கே பனி வாரக்கணக்கில் தங்கும். தென் அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவுகளுக்கு அந்தக் கதி. ஆகவே ஒரே முகட்டின் ஒரு பக்கம் காய்ந்த புல்லும், நான்கடி தள்ளி மறுபக்கம் முழங்கால் அளவு பனியும் இருப்பது சாதாரணக் காட்சி. வசந்தகால மலையில் ஒரே நாளில் இரண்டு பருவங்களைக் கடக்கிறோம். மூட்டை கட்டுவதும் நேரம் குறிப்பதும் மேலே இருக்கும் பருவத்துக்காகத்தான்.

ஒரு முகடு எவ்வளவு செங்குத்து என்பதைப் போகுமுன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

மொத்தத் தூரத்தையும் மொத்த ஏற்றத்தையும் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நான்கு கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற்றம் என்றால் சராசரிச் சரிவு 13 டிகிரிக்குள்தான் வரும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த 900 மீட்டரில் 600 மீட்டர் கடைசி ஒன்றரை கிலோமீட்டரில் அடுக்கப்பட்டிருந்தால், அந்தப் பகுதி 20 டிகிரியைத் தாண்டிவிடும். முதல் பாதியில் உல்லாசமாகப் பேசிக்கொண்டு போகிறவர்கள் இரண்டாம் பாதியில் பேச்சை நிறுத்திவிடுவது இதனால்தான்.

சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1:25,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். கோடுகளுக்கு இடையே 10 மீட்டர் உயர வித்தியாசம் என்றால், ஒரு சென்டிமீட்டருக்குள் நீங்கள் போகும் பாதை எத்தனை கோடுகளை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். நான்கு கோடு என்றால் மெல்லிய ஏற்றம். பத்துக் கோடு என்றால் 250 மீட்டருக்குள் 100 மீட்டர் ஏறுகிறீர்கள். சரிவு ஏறக்குறைய 22 டிகிரி. பதினைந்தைத் தாண்டினால் சில இடங்களில் கையும் ஊன்ற வேண்டி வரலாம். கோடுகள் நெருங்கி, பிறகு சற்றே விலகி, மறுபடி நெருங்கினால் அங்கே ஒரு பொய் உச்சி இருக்கிறது. ‘இதோ வந்துவிட்டோம்’ என்று நினைத்து ஏறி, அதற்குப் பின்னால் அசல் உச்சி நிற்பதைப் பார்க்கும் இடம் அது. முன்பே தெரிந்திருந்தால் மனம் அவ்வளவாக நொறுங்காது.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மெட்ரிக் அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மேலே சொன்ன முகட்டுக்குப் போக வர எட்டு கிலோமீட்டர். அதற்கு ஒன்றரை மணிக்குச் சற்று மேல். ஏற்றத்துக்கு இன்னொரு ஒன்றரை மணி. மொத்தம் மூன்று மணியும் சில நிமிடங்களும்.

நெய்ஸ்மித் இறக்கத்துக்கு எதுவும் சேர்க்கவில்லை. பின்னால் எரிக் லாங்முயர் அதைத் திருத்தினார். சரிவு 12 டிகிரிக்கு மேல் இருந்தால், இறங்கும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பத்து நிமிடம் கூட்ட வேண்டும். நம் கணக்கில் அரை மணி கூடுகிறது. இதெல்லாம் நல்ல உடல்தகுதியோடு, காய்ந்த பாதையில், எங்கும் நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. நின்று மூச்சு வாங்குவது, சாப்பிடுவது, படம் எடுப்பது, பனித்திட்டில் தடவித் தடவி நடப்பது எல்லாம் சேர்ந்தால் ஆறு மணி நேரம் ஒதுக்குவதே நேர்மையான மதிப்பீடு. குழுவாகப் போனால், எல்லோரிலும் மெதுவாக நடப்பவரின் வேகமே கணக்கு. சராசரி எடுத்துப் பயனில்லை.

அவ்வளவுதான் என்றால் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்து மணிக்குப் புறப்படலாமே?

கோடையில் சரி. வசந்தத்தில் விடியலுக்கே நடையைத் தொடங்கிவிடச் சொல்வேன். பனி இரவில் உறைந்து இறுகுகிறது, வெயில் ஏற ஏற இளகுகிறது. காலையில் காலைத் தாங்கிய அதே பனி, பிற்பகலில் உங்களை இடுப்புவரை விழுங்கும். ஓடைகளும் அப்படித்தான். மேலே உருகும் நீர் கீழே வந்து சேரப் பகல் முழுக்க ஆகும். காலையில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்த ஓடை மாலையில் முழங்கால் அளவுக்குப் பாயலாம். திரும்பி வரும்போதும் அதைக் கடந்தாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மேகமும் ஒரு காரணம். வெயிலில் சூடாகும் சரிவுகளை ஒட்டிக் காற்று மேலே ஏறும். ஈரம் இருந்தால் நண்பகலுக்குள் முகட்டின்மேல் மேகமாகத் திரளும். நிலையற்ற வானிலையில் அது பிற்பகல் இடியாக முடியும்.

அதிகாலையில் ஒரு சங்கடமும் உண்டு: வெயில் படாத பனி கண்ணாடிபோல் வழுக்கும். பனி மூடிய செங்குத்தான சரிவு ஏதாவது பாதையில் இருந்தால், அதைத் தொடும் நேரத்தில் மேல்பரப்பு சற்றே இளகியிருக்கும்படி திட்டமிடுவார்கள் பழகியவர்கள்.

‘திரும்பும் நேரம்’ என்று சொல்கிறார்களே, அது என்ன?

உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் திரும்பி நடக்கத் தொடங்கும் நேரம். அடிவாரத்தில் தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே அதைக் குறித்துவிட வேண்டும். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்: சூரியன் மறையும் நேரம், அதிலிருந்து இரண்டு மணி நேரம் கையிருப்பு, அதிலிருந்து இறங்கும் நேரம். மீதி இருப்பதுதான் ஏறுவதற்கு. மேகம் திரளும் வாய்ப்பு இருந்தால் நண்பகலையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சி கண்ணெதிரே இருக்கும்போது இந்த ஒப்பந்தத்தை மீறத்தான் தோன்றும். ‘இன்னும் இருபதே நிமிடம்’ என்று குழுவில் ஒருவராவது சொல்வார். அந்த இருபது, போக இருபது, அங்கே நிற்க இருபது, வர இருபது என்று ஒரு மணி நேரமாகும். முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொண்ட நேரம் ஒன்று இருந்தால் யாரும் கோழை ஆக வேண்டியதில்லை. கடிகாரம் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

ஏற்றம் தொடங்கிய பத்து நிமிடத்திலேயே மூச்சு முட்டுகிறது. எனக்குத் தகுதி இல்லையோ?

வேகம் அதிகம் என்று மட்டும்தான் அர்த்தம். ஏறக்குறைய எல்லோருமே வேகமாகத் தொடங்குகிறார்கள். உடல் புத்துணர்ச்சியோடு இருக்கிறது, பின்னால் வருபவருக்கு வழியை அடைக்கக் கூடாது என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

செங்குத்து கூடும் இடத்தில் அடியைச் சிறியதாக்குங்கள். பெரிய படி ஒன்றைவிடச் சிறிய படி மூன்று தசைக்கு மலிவு. பாதம் முழுவதையும் பதியுங்கள். முன்பாதத்தில் மட்டும் ஏறினால் கெண்டைக்கால் தசை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மிகச் செங்குத்தான இடத்தில் மலையேறிகள் ஓய்வு நடை என்ற ஒன்றைக் கையாள்கிறார்கள். ஒரு காலை மேலே வைத்தபின், பின்னங்காலை முழுதாக நீட்டி, முழங்காலைப் பூட்டி, உடல் எடையை அந்த எலும்பின்மேல் ஒரு நொடி இறக்கிவைப்பார்கள். அந்த ஒரு நொடியில் தொடைத் தசை சும்மா இருக்கிறது. பிறகு எடையை முன்னால் மாற்றி அடுத்த படி. பார்ப்பவருக்கு ஆமை வேகம். ஆனால் ஓடி ஓடி நின்று இளைப்பவர்களை முகட்டருகே அவர்கள் அமைதியாகக் கடந்துபோவதைப் பார்க்கலாம்.

மூச்சுத் திணறலோடு நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்தால் அது வேறு விஷயம்; உடனே நின்று உட்காருங்கள், உதவி கேளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல் வந்தால் உயர நோயாக இருக்கலாம். அதற்கு மேல் ஏறாமல் இறங்குவதே வழி.

எந்த ஷூ?

வாங்கிய வாரத்திலேயே மலைக்குப் போட்டுக்கொண்டு போகாத ஷூ. அடிப்பாகம் ஆழமான பள்ளங்களோடு, கணுக்காலை ஓரளவு பிடிக்கும்படி, நீர் எளிதில் புகாதபடி இருக்கட்டும். அளவு பார்க்கும்போது படியில் ஏறி, இறங்கிப் பாருங்கள். ஏறும்போது குதிகால் தூக்கினால் குதிகாலில் கொப்புளம் வரும்; இறங்கும்போது விரல் முன்னால் இடித்தால் நகம் கறுத்துப்போகும். இரண்டையும் ஓரளவு கயிற்றிலேயே சரிசெய்யலாம். ஏற்றத்தில் கணுக்கால் பக்கம் இறுக்கி முன்பக்கம் சற்றே தளர்த்துங்கள். முகட்டில் இறங்கத் தொடங்குமுன் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். முந்தின நாள் கால்நகத்தை வெட்டிவிடுங்கள்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் அந்த இடம் சூடாக, உறுத்தலாகத் தெரியும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நடந்தால் பத்து நிமிடத்தில் தோல் உயர்ந்துவிடும். அந்தச் சூடு தெரிந்த கணமே நின்று, சாக்ஸைக் கழற்றி, பிளாஸ்திரி ஒட்டுங்கள். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி பையில் கட்டாயம்.

உடை?

பருத்தி வேண்டாம். ஏற்றத்தில் வியர்வையை உறிஞ்சி, முகட்டுக் காற்றில் அந்த ஈரத்தை உங்கள்மேலேயே வைத்திருக்கும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. கம்பளி அல்லது செயற்கை இழையில் உள்ளாடை, அதன்மேல் வெப்பம் தரும் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி. நடக்கத் தொடங்கும்போது சற்றுக் குளிராக இருக்க வேண்டும். அடிவாரத்திலேயே கதகதப்பாக இருந்தால் கால்மணி நேரத்தில் நனைந்துவிடுவீர்கள். முகட்டை எட்டுமுன், காற்று மறைந்த கடைசி இடத்திலேயே மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே போய்ப் போட முயன்றால் அது கொடியாகப் பறக்கும், விரல் விறைத்து ஜிப்பும் ஏறாது. தொப்பியும் கையுறையும் அடிவாரத்து வெயிலைப் பார்த்து வண்டியில் விட்டுவரக் கூடாத பொருள்கள்.

பாதையில் பனித்திட்டு குறுக்கிடுகிறது. கடக்கலாமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். முதலில் பனியைப் பார்க்காமல் அதன் கீழே பாருங்கள். சறுக்கினால் எங்கே போய் நிற்பேன்? திட்டு மெல்லத் தட்டையாகி மண்ணில் முடிந்தால், விழுந்தாலும் அவமானத்தோடு போயிற்று. பாறைக்குவியலிலோ மரங்களிலோ விளிம்பிலோ முடிந்தால், பத்தே அடி அகலமான திட்டாக இருந்தாலும், பனிக்கோடாரியும் அதைக்கொண்டு சறுக்கலை நிறுத்தும் பயிற்சியும் இல்லாதவர் கடக்கக் கூடாது. இறுகிய பனியில் சறுக்கத் தொடங்கிய உடல் ஓரிரு நொடியிலேயே கையால் நிறுத்த முடியாத வேகத்தை எட்டிவிடும்.

அடுத்து, பனி எப்படி இருக்கிறது? ஷூவின் முனையால் உதைத்துப் பாருங்கள். பாதிக் கால் உள்ளே போய்ப் படி அமைந்தால் நல்லது. ஓடுபோல் ‘டக்’ என்று ஒலித்து உங்களைத் தள்ளினால், ஷூவில் மாட்டும் முள்சங்கிலி இல்லாமல் நடக்காதீர்கள். அந்த முள்சங்கிலி கூட மிதமான சரிவுக்குத்தான். செங்குத்துச் சரிவுக்கு நீண்ட முட்கள் கொண்ட கிராம்பான் தேவை. கால் தொடைவரை புதைந்தால் வேறு தொல்லை. புதைந்த காலை உருவி, அடுத்த காலைப் புதைத்து, நூறு மீட்டர் போவதற்குள் கால்மணி நேரமும் பாதித் தெம்பும் போய்விடும். பனிக்குள் மறைந்த பாறை இடுக்கில் கால் மாட்டினால் முழங்கால் திருகிக்கொள்ளும்.

பாறைகளுக்கும் மரங்களுக்கும் பக்கத்தில் பனி உள்ளிருந்து உருகி வெற்றிடமாக இருக்கும். வெளியே பார்த்தால் ஒரே வெள்ளைப் பரப்பு. கிட்டே போய்க் குனிந்தால் கல்லுக்கும் பனிக்கும் இடையே விரல் நுழையும் கறுப்பு வளையம் தெரியும். அந்த வளையத்தை ஒட்டி மிதிக்காதீர்கள். பனிக்கடியில் நீர் ஓடும் ஓசை கேட்டால் நீங்கள் நிற்பது தரையில் அல்ல, கூரையில்.

30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் பனிச்சரிவுகள் பெரும்பாலும் நிகழ்கின்றன. பாதை அப்படிப்பட்ட பனி மூடிய சரிவின் குறுக்கேயோ அடியிலோ போனால், அந்தப் பகுதிக்கான பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்காமல் போகாதீர்கள்.

முகட்டின் விளிம்பில் நின்று படம் எடுக்கலாமா?

பனி இருக்கும்போது வேண்டவே வேண்டாம். குளிர்காலம் முழுதும் காற்று பனியை அள்ளி முகட்டின் மறுபக்கம் கொட்டுகிறது. அது உறைந்து, கீழே எதுவும் இல்லாத வெளியில் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது முகட்டின் தொடர்ச்சியாகவே தோன்றும். பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால்தான் சுருண்டு கவிந்த அலைபோன்ற உருவம் தெரியும். வசந்தத்தில் வெயில்பட்டு அது பலவீனமாகிறது. உடையும்போது நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியோடு நிற்காமல், நாம் திடமான தரை என்று நினைக்கும் இடம்வரை பிளந்து போகும். பாறையோ புல்லோ தலைநீட்டும் பக்கமாகவே நடங்கள். முன்னால் போனவர்களின் காலடித் தடம் விளிம்பை ஒட்டிப் போனால், அவர்கள் தப்பித்தார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

இடி கேட்டால்?

இறங்குங்கள். இடியோசை கேட்கும் தொலைவில் இருந்தாலே மின்னல் உங்களைத் தொடும் தொலைவில்தான் இருக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழியும்வரை முகட்டுக்குத் திரும்பாதீர்கள். தனி மரத்தடி, பாறைப் பொந்தின் வாய், முகட்டில் பதித்த இரும்புக் கம்பி ஆகிய மூன்றும் ஆபத்து. குழுவாக இருந்தால் நெருங்கி நிற்காமல் பிரிந்து நில்லுங்கள்.

தண்ணீரும் உணவும்?

நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர் என்று தொடங்குங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வறண்ட காற்றில் மூச்சோடு நீர் போய்க்கொண்டே இருக்கும். ஓடைநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டாமலோ கொதிக்கவைக்காமலோ குடிக்க வேண்டாம். உணவில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்: கையுறையோடு எடுத்து, நின்றபடியே வாயில் போடக்கூடியதாக இருக்கட்டும். உட்கார்ந்து பிரித்துச் சாப்பிட வேண்டியதைக் காற்றடிக்கும் முகட்டில் யாரும் சாப்பிடுவதில்லை, பசியோடு இறங்குகிறார்கள்.

குளிரில் வெயில் சுடுமா?

நன்றாகவே சுடும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது, புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்புகிறது. மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் கீழும் கூடக் களிம்பு தடவுங்கள். பனிப்பரப்பில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் நடந்தால், அன்று இரவு கண்ணில் மணல் அள்ளிப்போட்டது போன்ற வலி வரலாம்.

இவ்வளவு பாடுபட்டு ஏறி, மேலே ஒன்றும் தெரியாமல் போனால்? நல்ல காட்சி எப்போது கிடைக்கும்?

மழை ஓய்ந்த மறுநாள் காலையைப் பிடியுங்கள். மழை காற்றிலுள்ள தூசியைக் கழுவிவிடும். பின்னால் வரும் குளிர்ந்த வறண்ட காற்றில் தொலைவிலுள்ள மலைகள் கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். வாரக்கணக்கில் மழையில்லாத, காற்று அசையாத நாள்கள் வெயிலாக இருந்தாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. சுற்றியுள்ள சமதளத்திலிருந்து உங்கள் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 400 மீட்டரில் 71 கிலோமீட்டர், 900 மீட்டரில் 107, 1,600 மீட்டரில் 143. உயரம் நான்கு மடங்கானால்தான் பார்வை இரண்டு மடங்காகும் என்பதைக் கவனித்தீர்களா? ஆகவே நல்ல காட்சிக்கு மிக உயரமான மலை தேவையில்லை. சுற்றிலும் தாழ்ந்த நிலமும், மரமில்லாத முகடும் போதும்.

காற்றோட்டமில்லாத தெளிந்த இரவுக்குப் பின், குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்கில் தேங்கி மூடுபனியாகிவிடும். அடிவாரத்தில் எதிரே வருபவர் தெரியாது. ‘இன்று வீண்’ என்று திரும்பிப் போய்விடத் தோன்றும். போகாதீர்கள். சில நூறு மீட்டர் ஏறினால் அந்த மூடியைத் துளைத்து வெயிலுக்குள் வந்துவிடலாம். கீழே வெண்மேகக் கடல், அதில் தீவுகளாக மற்ற முகடுகள். வெயில் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்து, மேகம் முன்னால் கீழே இருந்தால், உங்கள் நிழலே பெரிதாக அதன்மேல் விழுந்து, தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். ஜெர்மனியின் பிராக்கன் மலையில் அடிக்கடி தெரிவதால் ‘பிராக்கன் பூதம்’ என்று இதற்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் நிற்பவரின் நிழலும் தெரியும், ஆனால் ஒளிவளையத்தை ஒவ்வொருவரும் தம் தலையைச் சுற்றி மட்டுமே காண்பார்கள்.

தூரத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் காலடியையும் பாருங்கள். ஆல்ப்ஸில் பனி உருகும் விளிம்பில் குரோக்கஸ் மலர்கள் கூட்டமாகப் பூக்கும். சோல்டனெல்லா என்ற சிறு ஊதா மலர் பனியைத் துளைத்துக்கொண்டே தலைநீட்டும். இமயத்தின் சரிவுகளில் வசந்தத்தில் ரோடோடென்ட்ரான் காடுகள் சிவந்து நிற்கும்.

பாதை முழுதும் சேறு. ஓரமாகப் போகலாமா?

சேற்றின் நடுவிலேயே போங்கள். ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்கினால் ஒற்றையடிப் பாதை சில வாரங்களில் தெருவாகிவிடும். ஓரத்துப் புல் அப்போதுதான் முளைத்திருக்கும். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் குறுக்கே வெட்டி ஏறுவதும் கூடாது. அந்தக் குறுக்குத் தடத்தில்தான் அடுத்த மழை ஓடையாக இறங்கும். ஷூவைக் கழுவலாம்.

கைபேசி வரைபடம் போதாதா?

முதன்மையாக அதையே பயன்படுத்துங்கள், ஆனால் அலைவரிசை இல்லாதபோதும் திறக்கும்படி முன்பே இறக்கிவையுங்கள். குளிரில் மின்கலம் சட்டென்று சரியும். உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்தால் தாங்கும். காகித வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும். பனி மூடிய இடத்தில் பாதையே கண்ணுக்குத் தெரியாது என்பதால், ஏறும்போது அவ்வப்போது திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது காணப்போகும் காட்சி அதுதான். முகட்டிலிருந்து எந்தக் கிளையில் இறங்க வேண்டும் என்பதில்தான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள்.

தனியாகப் போகலாமா?

தெரிந்த பாதை, பனியில்லாத நாள் என்றால் போகலாம். இல்லையென்றால் துணையோடு போங்கள். எப்படிப் போனாலும் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்ற மூன்றையும் கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இறங்குவது எளிதுதானே?

மூச்சுக்கு எளிது, காலுக்குக் கடினம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தடுத்து நிறுத்துகிறது. தசையிழைகள் அதிகம் சிதைவது இந்த வேலையில்தான். களைத்த தொடையோடு, ‘முடிந்துவிட்டது’ என்ற நினைப்போடு, இளகிய மண்ணில் இறங்கும்போதுதான் வழுக்கி விழுகிறார்கள். முழங்காலை எப்போதும் சற்றே மடக்கி வையுங்கள். பின்னால் சாய்ந்தால் கால் முன்னால் வழுக்கும். பயமாக இருந்தாலும் எடை பாதத்தின் மேலேயே இருக்கட்டும். நடைக்கோல்கள் இங்கேதான் தம் காசுக்கு உழைக்கின்றன. ஏற்றத்தில் குட்டையாகவும் இறக்கத்தில் நீளமாகவும் மாற்றி, அடி வைக்குமுன் கீழே ஊன்றி எடையில் ஒரு பங்கை அதன்மேல் இறக்குங்கள். கை ஊன்ற வேண்டிய பாறைப் பகுதியில் மட்டும் அவற்றை மடித்துப் பையில் கட்டிவிடுங்கள்.

அடிபட்டுவிட்டது, நடக்க முடியவில்லை. என்ன செய்வது?

முதலில் குளிரைத் தடுங்கள். அசையாமல் இருக்கும் உடல் வசந்தகால மலையில் வேகமாகக் குளிரும். இருக்கும் உடையெல்லாம் போர்த்தி, பையின்மேல் உட்காரவைத்து, காற்று மறைவுக்கு நகர்த்துங்கள். நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் கை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை தாழ்வெப்பத்தின் அடையாளங்கள். அந்தந்த நாட்டு அவசர எண்ணை அழைத்து இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். பல நாடுகளில் 112 வேலை செய்யும். அழைப்பு போகாவிட்டால் விசில் அல்லது டார்ச்: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. யாராவது கேட்டால் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வரும். பதில் வந்தபின்னும் அவர்கள் வந்துசேரும்வரை நிறுத்தாதீர்கள், ஓசையை வைத்துத்தான் தேடுவார்கள். டார்ச் தலையில் மாட்டுவதாக இருக்கட்டும். பகல் நடை என்று அதை விட்டுவராதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

உண்ணி. வசந்தத்தில் புல்லும் புதரும் துளிர்க்கும்போதே அவையும் சுறுசுறுப்பாகின்றன. முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவதும் நெருப்பு காட்டுவதும் வேண்டாம். சில வாரங்களுக்குள் காய்ச்சலோ பரவும் சிவப்பு வளையமோ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

மறுநாளைவிட அதற்கடுத்த நாள் தொடை அதிகம் வலிக்கிறதே?

இயல்புதான். இறக்கத்தில் சிதைந்த இழைகளின் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும், பிறகு தானே அடங்கும். படுத்தே கிடக்காமல் சமதளத்தில் மெல்ல நடங்கள். ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், மூட்டில் கூர்மையான குத்தல் இருந்தால் அது இந்த வலி அல்ல, காட்டிவிடுங்கள். அடுத்த நடைக்கு முன் சில வாரம் மாடிப்படியில் ஏறுவதோடு நிதானமாக இறங்கவும் பழகினால், அடுத்த முறை இதே மலை பாதிதான் வலிக்கும்.